தண்ணின்னா தண்ணிதான்

வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையின் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, வெல்டர் ஒரு பிஸ்டனை முட்டுக் கொடுத்து வைத்திருந்தான். நடு மண்டையில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை விழுந்த பிஸ்டன். உள்ளே வருகிறவர்களில் பாதிப்பேர் அதில் காலை இடித்துக்கொள்வார்கள். "எந்த மடையன் இதை இங்க வச்சான்?" என்று கத்தினால், "அதுல ஓட்டை போட்ட அதே மடையன்தான்" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வரும்.

பகலெல்லாம் கப்பல் பழுதுபார்க்கும் கூடத்தில் தகடு வெட்டி ஒட்டுகிறவன் அவன். குனிந்து குனிந்தே முதுகு தேய்ந்தவன். வேலை முடிந்து வந்தால் மற்றவர்கள் காலை நீட்டுவார்கள். இவனுக்குக் கைதான் பிரச்சினை. குடியை விட்ட புதிதில், கைக்கு ஒரு வேலை கொடுக்காவிட்டால் அது பழைய இடத்துக்கே நீளும் என்று தெரிந்திருந்தது. அதனால் பழைய இரும்புக் கடையில் நசுங்கக் காத்திருந்த ஒரு சின்னக் காரை, மனைவியின் தம்பியோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் நிறுத்தினான். முதலில் அதற்கு டர்போ வைத்தான். புகை போகிற வேகத்திலேயே சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி அது. ஆனால் சோம்பேறி. வேகம் பிடிக்கும்வரை தூங்கிவழியும். அதன் தூக்கத்தைக் கலைக்க நைட்ரஸ் வைத்தான். நீல சிலிண்டரில் அடைத்த வாயு. பொத்தானை அமுக்கினால் காற்றுக்கு மேல் காற்று. வண்டி துள்ளியது. அவனும் துள்ளினான். அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் பிஸ்டன் உருகிவிட்டது.

மனைவி அந்த வண்டிக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி. "சக்களத்திக்கு உடம்பு சரியில்லையாம்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் லேத்துக்காரி. பம்புக்கு உதிரிபாகம் கடைகிற தொழிற்சாலையில் வேலை. அன்று சாயங்காலம் அவள் விரலில் ஏறியிருந்த இரும்புச் சீவலை ஊசியால் நெம்பிக்கொண்டிருந்தபோது, வெல்டர் எதிரே வந்து உட்கார்ந்தான். எப்படிச் சொல்வது என்று நாள் முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோனது.

"எனக்கு ஆல்கஹால் வேணும்" என்றான்.

ஊசி நின்றது.

"வண்டிக்கு" என்று அவசரமாகச் சேர்த்தான்.

"பல்வலிக்குன்னு கேட்டிருக்கீங்க. குளிருக்குன்னு கேட்டிருக்கீங்க. செத்துப்போன சிநேகிதன் நினைப்புக்குன்னு ஒருதரம் கேட்டீங்க, அந்தச் சிநேகிதன் அடுத்த நாள் வந்து கதவைத் தட்டினான். வண்டிக்குன்னு கேக்குறது இதுதான் முதல் தடவை. புதுசா இருக்கு, நல்லாவும் இருக்கு."

"அட, விளையாடாத. கட்டிங் டார்ச்சு பார்த்திருக்கல்ல? கேஸ் மட்டும் எரிஞ்சா இரும்பு சூடாகும், அவ்வளவுதான். ஆக்சிஜனைத் தட்டிவிட்டா அதே நெருப்பு இரும்பையே அறுக்கும். எஞ்சினுக்குள்ள நான் பண்ணினது அதைத்தான். நைட்ரஸ் உள்ள போனா ஆக்சிஜன் ஜாஸ்தி. அது தின்ன அதுக்குச் சமமா எரிபொருள் போகணும். போகலன்னா பிஸ்டனைத் தின்னும்."

"அப்ப பெட்ரோலைச் சேர்த்து ஊத்துங்க."

"ஊத்தினேனே. டர்போ திணிக்கிற காத்தே கொதிக்குது. அதுல பெட்ரோலைக் கூட்டினா, நேரம் வர்றதுக்கு முந்தியே தானா வெடிக்குது. சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி. அதான் ஓட்டை. ஸ்பிரிட்டு அப்படி இல்ல. எரியவும் எரியும், போற வழியெல்லாம் குளிர வச்சுட்டும் போகும். சட்டுனு வெடிக்காது. நைட்ரஸ் போறப்ப மட்டும் கூடவே பீய்ச்சினாப் போதும். தனி டாங்க்கு, தனி பம்பு, தனிக் குழாய்."

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். அவள் மனசில் ஓடியது எது என்று அவனுக்குத் தெரியும். அலமாரியில் விருந்தாளிக்காக வைத்திருந்த ஒரு வோட்கா பாட்டில் அது. மாதக்கணக்கில் கழுத்துவரை நிறைந்தே இருந்தது. நம் வீட்டுக்காரர் திருந்திவிட்டார் என்று அவளும் பூரித்துப்போயிருந்தாள். அவளுடைய ஃபோர்மேன் வீட்டுக்கு வந்த அன்று அதைத் திறந்து ஊற்றிக் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, மரியாதைக்கு இன்னொரு வாயும் குடித்துவிட்டு, "தாகத்துக்கு நல்லா இருக்கும்மா" என்றார். உள்ளே இருந்தது முழுக்கக் குழாய்த் தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வைத்திருந்தான். அன்று போன மானம்.

"சரி" என்றாள் கடைசியில். "கேன் பூட்டுப் போட்ட பெட்டிக்குள்ள இருக்கும். சாவி எங்கிட்ட இருக்கும். எடுக்கணும்னா என்னைக் கேட்டு, என் கண் முன்னாடி எடுக்கணும்."

"சரி."

"இன்னொண்ணு. இந்த வீட்டுல தண்ணின்னா தண்ணிதான். யாராவது அதுக்குத் தண்ணின்னு பேர் வச்சுப் பேசினா நாக்கை இழுத்து லேத்துல மாட்டிடுவேன்."

அதற்கும் சரி என்றான். ஆனால் அந்தச் சட்டத்தை முதலில் மீற வேண்டிவந்தது அவளுக்கேதான்.

காரணம், கூடவே இருந்த அவள் அம்மா. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலமெல்லாம் துணி வெளுத்தவள். கை ரெண்டும் இரும்பு. ப்ளீச்சிங் நெடியில் மூக்கு மட்டும் செத்துப்போய்விட்டது. பக்கத்தில் பிணம் நாறினாலும் தெரியாது. மருமகன் குடித்துவிட்டு வந்த காலத்தில் வாசலில் வாளியோடு காத்திருந்து தலையில் கொட்டியவள் அவள்தான். கொட்டகையில் கேன் கணக்கில் ஸ்பிரிட் இருக்கிறது என்று தெரிந்தால் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுவாள்.

வழி சொன்னவன் தம்பி. பஸ் ஓட்டுகிறவன். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு விரல்கூட நுழையாது. ஆனால் உட்கார்ந்துவிட்டால் ஊசிக் காதில் நூல் கோர்க்கிற மாதிரி ஓட்டுவான்.

"அம்மா முன்னாடி தண்ணின்னே சொல்லுவோம்க்கா. வண்டிக்குத் தண்ணி ஊத்துறோம். இதுல பொய் எங்க இருக்கு? அவ ஒண்ணு நினைப்பா, நாம ஒண்ணு நினைப்போம். சாமி கேட்டாலும் மாட்டிக்க மாட்டோம்."

"நான் போட்ட சட்டத்தை நானே மீறணுமா?"

"சட்டம் போடுறவங்கதான் மீறணும். அதுதானே ஊர் வழக்கம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

அந்த வாரங்களைப் போல அந்த வீட்டில் எந்த வாரமும் இருந்ததில்லை. வேலைவிட்டு வந்ததும் மூன்று பேரும் கொட்டகையில்தான். ஸ்பிரிட் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால் ரப்பர் குழாய்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு வேறு போட்டான் வெல்டர். டிக்கியில் வெள்ளை பிளாஸ்டிக் டாங்க் ஒன்றை உட்காரவைத்தான். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். எரிபொருளை அளந்து விடுவது ஜெட். நடுவில் நூல் கனத்தில் ஓட்டை போட்ட பித்தளைத் துண்டு. அதைக் கடைந்து கொடுத்தவள் அவள்.

"பெட்ரோலுக்கு விட்ட ஓட்டை ஸ்பிரிட்டுக்குப் பத்தாது" என்றான் வெல்டர். "ஒரே வேலைக்கு ஒண்ணரை மடங்கு வேணும். ஓட்டையை ஒண்ணரை மடங்கு பெரிசாக்கு."

"எது ஒண்ணரை மடங்கு? ஓட்டையோட அகலமா, அது வழியாப் போற அளவா?"

வெல்டர் பித்தளைத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"அகலத்தை ஒண்ணரை மடங்காக்கினா ரெண்டு மடங்குக்கு மேல ஊத்தும். உங்க சக்களத்தி மூச்சு முட்டிச் செத்துப்போவா. நகருங்க."

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அவள் துரப்பணத்தைப் பிடித்தபோது, அவன் பக்கத்திலேயே நின்று மூச்சைக்கூட மெதுவாக விட்டான். அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்று எவ்வளவு காலமாகிவிட்டது என்று நினைத்தான். குடித்த காலத்தில் அந்தக் கை கதவுத் தாழ்ப்பாளில் இருக்கும், அல்லது அவன் சட்டைக் காலரில் இருக்கும்.

அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. ஸ்பிரிட் நல்லதுதானா, ஈரம் உறிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் மோந்து பார்ப்பார்கள். அவன் மூக்குப் பக்கம் கொண்டுபோவதில்லை. மூக்குக்குக் காட்டினால் நாக்கு கேட்கும் என்று அவனுக்குத் தெரியும். மூச்சை அடக்கிக்கொண்டு, புறங்கையில் இரண்டு சொட்டு விட்டு, தலையைத் திருப்பி ஒரே ஊது. சுத்தமானதாக இருந்தால் ஊதின இடம் சில்லென்று ஆகி, கண்ணெதிரே காய்ந்துபோகும். வேலை முடிந்தது. மனைவி ஒவ்வொரு தடவையும் இதைப் பார்த்தாள்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கிடங்குகளுக்குப் பின்னால் ஆள் இல்லாத சாலையில் முதல் ஓட்டம். தம்பி பொத்தானை அமுக்கியதும் வண்டி ஒருகணம் மூச்சை இழுத்தது. பிறகு சாலையே பின்னால் சுருண்டது போல் போய்விட்டது. திரும்பி வந்தபோது கொதிக்க வேண்டிய குழாயில் பனி பூத்திருந்தது. வெல்டர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெள்ளைப் பீங்கானில் ஒரு பொட்டு உருகல் இல்லை. அவன் மனைவி குழாயைத் தொட்டுப் பார்த்து, பனியை வழித்து அவன் கன்னத்தில் தடவினாள். தம்பி இன்னும் இறங்கவில்லை. "மாமா, என் வயிறு இன்னும் அங்கேயே கிடக்கு. யாராவது போய் எடுத்துட்டு வாங்க" என்றான்.

போட்டி நடந்தது, விமானம் இறங்காமல் விட்டுப்போன பழைய ஓடுதளத்தில். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு விழுந்ததும் பாயும். முதலில் கோடு தாண்டுகிறவன் அடுத்த சுற்றுக்குப் போவான். தோற்றவன் சாமானைக் கட்டிவைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பான். வெல்டர் குடும்பம் ஒரு வேனில் வந்திருந்தது. ஸ்பிரிட் பெட்டி வேனுக்குள், சாவி மனைவியின் கழுத்துக் கயிற்றில். ஸ்பிரிட்டில் பிடித்த தீ வெயிலில் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் ஊற்றினால் அணையும். அதனால் வண்டி பக்கத்தில் இரண்டு தண்ணீர் கேன்களும் வைத்திருந்தார்கள். மாமியார் அந்தக் கேன்களுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சக்களத்தி அடக்கமாக நிற்கவே இல்லை. கறுத்த புகைக்காரன் ஒருவனைத் தாண்டினாள். பெரிய எஞ்சின்காரன் ஒருவனைத் தாண்டினாள். அவன் இறங்கி வந்து பானெட்டைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினான். அரையிறுதியும் தாண்டியாகிவிட்டது. இறுதியில் எதிராளி, கார்களுக்கு வண்ணம் அடிக்கிற பெயின்டர். அவனுடைய சிவப்பு வண்டியில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

"என்னண்ணே, உங்க வண்டியைத் தகரடப்பான்னு நினைச்சுட்டேன்" என்றான் பெயின்டர், வந்து கைகுலுக்கி.

"தகரடப்பாதான். உங்களுது மேக்கப் போட்ட தகரடப்பா" என்றான் தம்பி.

வெல்டர் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நைட்ரஸ் நிரப்பப் போனான். மனைவி டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பிக்குப் பசி. கழிப்பறைக்கும் போக வேண்டும், சாப்பிடவும் வேண்டும், எது முதலில் என்று அவனுக்கே குழப்பம். ஓடுகிற ஓட்டத்தில் அம்மாவிடம், "அம்மா, பின்னாடி வெள்ளை டாங்க்ல தண்ணி பாதிதான் இருக்கு. அக்காகிட்ட சொல்லி ஊத்தச் சொல்லு" என்று கத்திவிட்டுப் போனான்.

வெல்டர் திரும்பி வந்து சிலிண்டரை மாட்டினான். வண்டியிடம் அப்போது யாரும் இல்லை; மனைவி டயர் வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தாள், மாமியாரின் நாற்காலியும் காலி. டிக்கிக்குள் தலையை விட்டு திருகுகளையெல்லாம் சரிபார்த்தான். டாங்க் நிறைந்திருந்தது. பரவாயில்லை, மச்சான் மறக்காமல் வேலையைப் பார்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். ஒலிபெருக்கியில் அழைப்பு வந்தது. எல்லோரும் கூடினார்கள். தம்பி வாயைத் துடைத்துக்கொண்டே வந்து ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினார்கள். மாமியார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்.

குழாயில் காற்றுக் குமிழி நிற்காமல் இருக்க, கடைசியாக ஒரு தடவை பம்பை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். குழாய் முனையிலிருந்து வந்ததை வெல்டர் புறங்கையில் இரண்டு சொட்டு விட்டான். தலையைத் திருப்பி ஊதினான்.

காயவில்லை.

இன்னொரு தடவை ஊதினான். சொட்டு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கைவரை ஓடி, கீழே விழுந்தது.

தண்ணீர். டாங்கில் பாதிக்குப் பாதி தண்ணீர்.

எல்லாம் ஒரே நொடியில் தெரிந்துவிட்டது அவனுக்கு. பாதி குறைந்திருந்த டாங்க் இப்போது நிறைந்திருக்கிறது. பெட்டிச் சாவி மனைவியின் கழுத்தில் அசையாமல் தொங்குகிறது. குறைந்ததை நிரப்பத் தண்ணீர் ஊற்றுகிறவன் இந்தக் குடும்பத்தில் யார்? கடைசியாக வண்டியோடு தனியாக இருந்தவன் யார்? அலமாரியில் இருந்த பாட்டில் அவன் கண்முன் வந்து நின்றது.

சொன்னால், அவள் கண்ணில் அந்தப் பழைய பார்வை வரும். அதைத் தாங்குகிற தெம்பு அவனுக்கு இல்லை. சொல்லாவிட்டால், நைட்ரஸ் உள்ளே போகும். அதற்குத் தின்ன பாதிதான் கிடைக்கும். மிச்சத்துக்கு அது எஞ்சினைத் தின்னும். நெருப்புக்கும் அவனுக்கும் நடுவே தம்பி உட்கார்ந்திருக்கிறான். ரகசியமாக வடித்துவிட்டு வேறு ஊற்றலாம் என்றாலும் அவள் சாவி வேண்டும்.

"ஓட்டக்கூடாது" என்றான். "டாங்க்ல தண்ணி கலந்திருக்கு. எல்லாத்தையும் வடிச்சுட்டு வேற ஊத்தணும். பெட்டியைத் திறக்கணும்."

தம்பி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். "தண்ணியா? எந்தத் தண்ணி?"

"தண்ணி... தண்ணி. குடிக்கிற தண்ணி."

"எந்தக் குடிக்கிற தண்ணி மாமா?"

"யார் ஊத்தினது?" என்றாள் மனைவி. "எங்கிட்ட யாரும் சாவி கேக்கலையே."

தம்பி வெல்டரைப் பார்த்தான். பார்க்கக்கூடாது என்று நினைத்துத் தரையைப் பார்த்தான். மறுபடியும் அவனை அறியாமல் பார்த்தான். வெல்டர் ஈரக் கையை நீட்டியபடியே நின்றான். சட்டையில் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. பக்கத்தில் சிவப்பு வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

மனைவி அந்தக் கையைப் பார்த்தாள். முழங்கையில் இன்னும் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். எதையோ காதுகொடுத்துக் கேட்பவள் மாதிரி கொஞ்சம் காத்திருந்தாள். குடித்த காலத்தில் அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவனிடமிருந்து ஒரு சத்தம் வரும்: "நான் தொடவே இல்ல!" யாரும் கேட்காத கேள்விக்கு அவன் சொல்கிற பதில் அது. அதைக் கேட்டதும் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

இப்போது அந்தச் சத்தம் வரவில்லை. வண்டியை ஓட்டக்கூடாது என்பதைத் தவிர அவன் ஒன்றுமே சொல்லவில்லை.

அவள் கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி அவன்மேல் எறிந்தாள்.

"என்ன முழிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? ஓடுங்க. போய்க் கேனை எடுத்துட்டு வாங்க. நான் குழாயைக் கழட்டுறேன்."

"நீ வரலையா? உன் கண் முன்னாடி..."

"எனக்கு ரெண்டு கண்ணுதான் இருக்கு. இங்க டாங்க்கைப் பார்ப்பேனா, அங்க உங்களைப் பார்ப்பேனா? ஓடுங்கய்யா!"

அவன் ஓடினான். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று அவனுக்கே தெரியாது. பூட்டைத் திறந்தான், கேனைத் தூக்கினான், திரும்பினான். நடுவில் எந்த நினைப்பும் வரவில்லை. பாதி வழி வந்த பிறகுதான், நினைப்பு வரவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அவன் வந்து சேர்வதற்கும் மாமியார் வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. ஒரு கையில் நாற்காலி, இன்னொரு கையில் காலி தண்ணீர் கேன். வாளியில் வடிந்துகொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏண்டி, இப்பத்தானே நிறைய ஊத்திட்டுப் போனேன். அதை எதுக்கு வீணா வடிக்கிறீங்க?"

வாளிப் பக்கம் குனிந்திருந்த மகள் அப்படியே நிமிர்ந்தாள். "நீ ஊத்தினியா?"

"பின்ன? இவன்தான் தண்ணி ஊத்தச் சொல்லிட்டு ஓடினான். உங்கிட்ட சொல்லச் சொன்னான். நீ டயருக்கு முன்னாடி குத்தவச்சு உக்காந்திருந்த, எதுக்குத் தொந்தரவுன்னு நானே ஊத்தினேன். சுத்தமான தண்ணிடி. குடிக்கிறதுக்குக் கொண்டுவந்தது. நீதானே எப்பவும் சொல்லுவ, இந்த வீட்டுல தண்ணின்னா தண்ணிதான்னு?"

முதலில் சிரித்தது தம்பி. ஹெல்மெட்டுக்குள் சிரித்ததால் பானைக்குள் தவளை கத்துவது போல இருந்தது. அவன் அக்கா டிக்கியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள், தோள் குலுங்கியது. வெல்டர் கேனைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது சிரிப்பில் வந்ததா என்று கேட்டால் அவனாலும் சொல்ல முடியாது.

"என்னடா சிரிப்பு? என்ன தப்பு பண்ணினேன்?"

"அம்மா, அது தண்ணி இல்லம்மா" என்றான் தம்பி. "அது தண்ணி."

"செருப்பால அடிப்பேன்."

"ஸ்பிரிட்டும்மா" என்றாள் மகள். "வண்டிக்கு ஸ்பிரிட்டு. உனக்குத் தெரிஞ்சா கத்துவேன்னுதான் தண்ணின்னு சொன்னோம்."

மாமியார் நாற்காலியைக் கீழே வைத்தாள். டாங்கைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இடி விழக் காத்திருந்தார்கள்.

"இத்தனை நாளா கொட்டகையிலயா இருந்துச்சு?"

"ஆமாத்தை."

"நீங்க தொடலையா?"

"இல்லத்தை."

"இது மட்டும்தான் குடிச்சுச்சா?"

"இது மட்டும்தான்."

அவள் டிக்கியைத் தன் இரும்புக் கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "அப்ப என்ன பேச்சு? ஊத்துங்க மாப்பிள்ளை! உங்க வயித்துல போகாம இது வயித்துல எவ்வளவு போனாலும் எனக்குச் சந்தோஷம். நிறைய ஊத்துங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க!"

போட்டி நடத்துகிறவர் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். அவரைப் பெயின்டர் மடக்கிவிட்டான். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, "இருக்கட்டும் சார், நானும் கொஞ்சம் ஆறவச்சுக்கிறேன்" என்றான். பிறகு வெல்டரிடம் வந்து, "தண்ணி கலந்த வண்டியைத் தோக்கடிச்சேன்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது. புனல் பிடிக்கவா?" என்று கேட்டான். பிடித்தான். மிச்சத் தண்ணீர் போகக் கொஞ்சம் ஸ்பிரிட் விட்டு அலசிக் கொட்டி, நிரப்பி, பம்பை ஓட்டினார்கள். வெல்டர் புறங்கையை நீட்டினான். மூச்சை அடக்கி, தலையைத் திருப்பி, ஊதினான். சில்லென்றது. காய்ந்தது.

அவன் மனைவி அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் ஒருகணம் வைத்துப் பார்த்துவிட்டு, "ம், சுத்தம்" என்றாள்.

பச்சை விளக்கு விழுந்தது. சிவப்பு வண்டி பாய்ந்தது. சக்களத்தி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்னடா ஆச்சு அவனுக்கு?" என்று வெல்டர் அலறினான்.

ஆனது இதுதான். தம்பி கண்ணாடியில் பின்னால் பார்த்திருக்கிறான். அம்மா காலி கேனைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டு, "குடி! குடி!" என்று வண்டியை உசுப்பிக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சிரிப்பில் கால் வேலை செய்யவில்லை.

பிறகு வேலை செய்தது. வண்டி ஒருகணம் மூச்சை இழுத்தது. டர்போ விசிலடித்தது. அந்தச் சத்தத்தில் சுத்தியல் அடி இல்லை, கரகரப்பு இல்லை. நல்ல பற்றவைப்பில் நெருப்பு நீலமாய் நிற்கும்போது டார்ச்சிலிருந்து வருமே, அப்படி ஒரே சீரான இரைச்சல். சிவப்பு வண்டிக்கும் அதற்கும் நடுவே இருந்த தூரத்தை அது சுருட்டிக்கொண்டே போனது. இன்னும் ஒரு லாரி நீளத்துக்கு ஓடுதளம் மிச்சம் இருந்திருந்தால் கதையே வேறு. சிவப்பு வண்டி ஹெட்லைட் அகலத்தில் முதலில் கோடு தாண்டியது.

தோற்றுவிட்டார்கள். ஆனால் கோட்டைத் தாண்டியபோது அன்று ஓடிய எல்லா வண்டிகளையும்விட அதிக வேகத்தில் போனது தகரடப்பாதான் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கூட்டம் வென்றவனுக்குக் கைதட்டிவிட்டு, தோற்றவனுக்கு விசிலடித்தது. வெல்டருக்கு அதுவும் காதில் விழவில்லை. வண்டி திரும்பி வந்ததும் கொதிக்கிற பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றி வெயிலில் பார்த்தான். ஒரு பொட்டு உருகல் இல்லை. கதவுக்கு முட்டுக் கொடுக்க இன்னொரு பிஸ்டன் கிடைக்கப்போவதில்லை.

"மன்னிச்சிருங்க மாமா" என்றான் தம்பி, இறங்கிக்கொண்டே. "அம்மா தோக்கடிச்சுட்டா."

"நான் என்னடா பண்ணினேன்? சிரிக்கத் தெரிஞ்ச காலுக்கு மிதிக்கத் தெரியாதா?"

பெயின்டர் கோப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து, கண் சிமிட்டி, மாமியாரிடம் குனிந்தான். "நான் புனல்தான் பிடிச்சேன், உள்ள என்ன போச்சுன்னு கவனிக்கல. வண்டிக்கு அப்படி என்னதாம்மா ஊத்துறீங்க?"

"தண்ணிதான் தம்பி" என்றாள் அவள்.

வெல்டர் சாவிக் கயிற்றை மனைவியிடம் நீட்டினான். அவள் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். மணிக்கட்டுவரை கரி.

"இந்தக் கையால வாங்கவா? உங்க பையிலயே கிடக்கட்டும்."

"வீட்டுக்குப் போனதும் தரேன்."

"வீட்டுலயும் எனக்குக் கை கரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் டயரைக் கழற்றக் குனிந்தாள்.

அவன் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். தொண்டை வறண்டிருந்தது. மிச்சமிருந்த தண்ணீர் கேனை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தான். கழுத்தில், சட்டையில், சாவிமேல் எல்லாம் வழிந்தது.

"அக்கா!" என்று தம்பி ஓடுதளம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "மாமா பட்டப்பகல்ல தண்ணி அடிக்கிறாரு பாரு!"

அவள் ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அடிக்கட்டும்டா" என்றாள்.